வெடிக்கு முந்திய சத்தம்

அந்த வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குள் நான் மூன்று பிள்ளைகளை ஓட்டப் பாதையிலிருந்து வெளியேற்றியிருந்தேன். மூன்று பேரும் வெடி கேட்பதற்கு முன்னமே புறப்பட்டவர்கள். முந்திப் புறப்பட்டால் ஒரே தடவையில் வெளியே என்பது விதி. அதை நடைமுறைப்படுத்துவதுதான் என் வேலை. ஆனாலும் மூன்றாவது பிள்ளை தலையைக் குனிந்தபடி புல்லுக்குள் நடந்து போனபோது, எங்கேயோ ஏதோ சரியில்லை என்று எனக்குப் பட்டது.

நான் ஒரு பெண்கள் பாடசாலையில் விளையாட்டு ஆசிரியை. ஓட்டங்களைத் தொடக்கிவைக்கும் நடுவருக்கான பரீட்சையில் இரண்டு வருடங்களுக்கு முன் சித்தியடைந்தேன். எங்கள் கல்வி வலயத்தில் அந்த வேலைக்கு வந்த முதற் பெண் நான்தான். வலய மட்டப் போட்டியில் சிவப்பு மேற்சட்டை போட்டுக்கொண்டு, மூன்று படி வைத்த சின்ன ஏணியில் ஏறி, கையைத் தூக்கி வெடிக்க எனக்குக் கிடைத்த முதல் நாள் அந்த வியாழன்.

கையில் இருந்தது வெறும் சத்தத்துக்கான துவக்கு. எங்கள் பேச்சில் துப்பாக்கியும் துவக்குத்தான், தொடங்கு என்பதும் துவக்குத்தான். இரண்டுக்கும் பொருந்துகிற சாமான் அது. பார்க்க அசல் கைத்துப்பாக்கி போலவே இருக்கும். ஆனால் குழாயை உருக்கு வைத்து அடைத்திருப்பார்கள். ஆறு வெற்றுத் தோட்டா போடலாம். விசையை இழுக்கச் சுத்தியல் பின்னால் எழும்பி, விழுந்து, வெடிக்கும். சத்தமும் புகையும் தவிர வேறொன்றும் வெளியே வராது. அது வலயத்தின் சொத்து. இரும்பு அலுமாரியில் பூட்டி வைத்து, போட்டி நாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு தருவார்கள்.

எனக்கு முன் பதினைந்து வருடம் அதை வெடித்தவர் இப்போது தலைமை நடுவர். ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், நெடுத்த மனிதர். தோள் நோவு வந்த பிறகுதான் அந்த ஏணியை விட்டு இறங்கினார். காலையில் துவக்கை என் கையில் தரும்போது, "கொஞ்சம் இறுக்கம் ரீச்சர். தம் பிடிச்சு இழுக்கோணும்," என்றார். பக்கத்தில் நின்ற இரண்டு நேரக் கணிப்பாளர்கள் சிரித்தார்கள். பெண்பிள்ளையின் கைக்கு அது பாரம் என்று ஒருவர் மற்றவருக்குச் சொன்னது என் காதில் விழுந்தது.

இறுக்கம் என்றது உண்மை. விசை பாதி தூரம் வரை கிரீச்சிட்டுக்கொண்டு வரும். அங்கே ஒரு கல்லில் முட்டியது போல நிற்கும். இன்னும் பலம் போட்டால் துள்ளிக் கடந்து, மிச்சத் தூரம் வந்து, வெடிக்கும். எட்டுப் பிள்ளைகள் இடுப்பைத் தூக்கியபடி அசையாமல் இருக்கிற நேரத்தில் நான் மேலே விரலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவதாக நான் வெளியேற்றிய பிள்ளை தொண்டைமானாற்றுப் பக்கமிருந்து வந்தவள். பதினேழு வயது, மெலிந்த உடம்பு, முழங்காலுக்குக் கீழே முழுக்க நரம்பு. தகப்பன் கடற்றொழிலாளி. நூறு மீற்றரில் அந்த வருடம் அவளை முந்த ஆளில்லை என்று ஆசிரியர்கள் கதைத்துக்கொண்டார்கள். தகுதிகாண் ஓட்டத்தில் அவளுக்குக் கிடைத்தது முதலாம் பாதை, என் ஏணிக்கு மிகக் கிட்டிய பாதை. "தயார்" என்றேன். எழும்பினாள். அடுத்த கணம் பாய்ந்தாள். அவள் பாய்ந்த பிறகுதான் என் வெடி கேட்டது. திருப்பி அழைக்கும் விசில் ஊத, சிவப்பு அட்டையைக் காட்டினேன்.

அவள் அழவில்லை. அரை மணித்தியாலம் கழித்து, நான் மரத்தடியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள்.

"ரீச்சர், ஒண்டு சொல்லலாமோ?"

"சொல்லும் பிள்ளை."

"துவக்கு ரெண்டு சத்தம் போடுது ரீச்சர். முதல்லை 'கடக்' எண்டு ஒண்டு. பேந்துதான் வெடி. நான் கடக்குக்கே பாஞ்சிட்டன்."

நான் அவளைப் பார்த்தேன். முகத்தில் சாக்குப்போக்கு எதுவும் இல்லை. தண்ணீர்ப் போத்தலை வைத்துவிட்டுத் துவக்கை எடுத்தேன். தோட்டா ஒன்றும் இல்லை என்று இரண்டு தரம் பார்த்தேன். அவளை எனக்கு முதுகு காட்டி நிற்கச் சொன்னேன். "சத்தம் கேட்டவுடனை கையைத் தூக்கும்." விசையை இழுத்தேன். சுத்தியல் விழுவதற்கு முன்னமே அவளுடைய கை மேலே போய்விட்டது. இன்னொரு தரம். மறுபடியும் அப்படித்தான். மூன்றாம் தரம் நானே காதைத் துவக்கோடு வைத்து இழுத்தேன். விசை துள்ளிக் கடக்கிற இடத்தில் ஒரு சின்னச் சத்தம்: கடக்.

மைதானத்துச் சலசலப்பில், ஏணியின் மேல், கையைத் தலைக்கு மேலே நீட்டியபடி நின்ற எனக்கு அது கேட்கவில்லை. உயிரெல்லாம் காதில் வைத்துக் குனிந்திருக்கிற பிள்ளைக்குக் கேட்டிருக்கிறது. வெளியேறிய மற்ற இருவரின் பாதைகளையும் பட்டியலில் பார்த்தேன். ஒருத்தி முதலாம் பாதை, ஒருவன் இரண்டாம் பாதை.

ஆட்சேபம் தெரிவிக்கிற நேரம் முடிய ஐந்து நிமிடம் இருந்தது. நான் கூடாரத்துக்கு ஓடினேன். தலைமை நடுவர் சோற்றுப் பொட்டலத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"சேர், இண்டைக்கு வெளியிலை போட்ட மூண்டு பிள்ளையளிலையும் பிழை இல்லை. துவக்கிலைதான் பிழை."

அவர் கையைத் துடைத்தார். "பதினைஞ்சு வருஷம் நான் வெடிச்ச துவக்கு ரீச்சர்."

"ஓம் சேர். நீங்களே பாருங்கோ."

அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, கூடாரத்துக்குள்ளேயே, மேன்முறையீட்டுக் குழுவின் முன்னால் அதே பரிசோதனையைச் செய்தோம். நான் இழுத்தபோது அவளுடைய கை ஒவ்வொரு தரமும் முந்தி எழும்பியது. பிறகு தலைமை நடுவர் துவக்கை வாங்கி, ஒரே வெட்டாக இழுத்தார். கடக்கும் சுத்தியலும் ஒன்றாகவே கேட்டன. பிள்ளையின் கை சரியான நேரத்தில் எழும்பியது.

"பாத்தியளோ," என்றார். "துவக்கு சரி. உங்கடை விரலுக்குப் பலம் காணாது."

எனக்கு முகம் எரிந்தது. அப்படி வெட்டி இழுத்தால் கை ஆடும், குறித்த கணம் தவறும் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அந்த வேளையில் எனக்கு என் விரலைவிடப் பிள்ளைகள் பெரிதாகத் தெரிந்தார்கள்.

"விரல் எண்டே வைப்பம் சேர். பிழை என்ரைதானே, பிள்ளையளின்ரை இல்லையே. அப்ப அவையளைத் திருப்பி ஓட விடோணும்."

அவர் சோற்றுப் பொட்டலத்தை ஒரு பக்கம் தள்ளினார். "உங்கடை பிழை எண்டு நீங்களே எழுதித் தாறியளோ?"

"ஓம் சேர். எழுதித் தாறன்."

எழுதிக் கொடுத்தேன். குழு கூடிக் கதைத்து முடிவெடுத்தது: மூன்று பேருக்கும் சேர்த்துச் செவ்வாய்க்கிழமை காலை ஒரு விசேட தகுதிகாண் ஓட்டம், பின்னேரம் இறுதிப் போட்டி; மிச்ச ஓட்டங்களும் அன்றுதான். செவ்வாய்க்குள் துவக்கு சரியில்லை என்றால், தோள் நோவோடு தலைமை நடுவரே ஏணியில் ஏறுவார். நான் இறங்க வேண்டும்.

"இதைக் கழட்டிப் பாக்கலாமோ சேர்?"

"கழட்டுங்கோ. பழுதானால் நீங்கள்தான் பொறுப்பு," என்று சொல்லி, துவக்கை எடுத்துப் போவதற்கு முத்திரை குத்திய கடிதம் ஒன்றும் தந்தார்.

அன்று அதைச் சாப்பாட்டுப் பெட்டியில் வைத்து, துவாயால் சுற்றி, ஸ்கூட்டியின் இருக்கைக்குக் கீழே பூட்டிக்கொண்டு நல்லூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தேன். எங்கள் தலைமுறை இந்த மண்ணில் துவக்கைத் தொடாமலும் பார்க்காமலும் இருக்கத்தான் பாடுபட்டது. என் கணவர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு உடனே மூடினார்.

"உந்தச் சாமானை உள்ளுக்கை கொண்டு வராதையும்," என்றார்.

"வெறும் சத்தத் துவக்கப்பா. கடிதம் கிடக்கு."

"கடிதத்தை முதல்லை நீட்டும், பேந்து பெட்டியைத் திறவும். ஆருக்கும் நெஞ்சு நிண்டிடும்."

அது நல்ல யோசனைதான். மறுநாள் பின்னேரம் கொக்குவிலுக்குப் போகும்போது கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன்.

கொக்குவிலில், ரயில் பாதைக்குப் பக்கத்து ஒழுங்கையில், என் பள்ளித் தோழிக்கு ஒரு சின்னப் பட்டறை இருக்கிறது. அவள் பல் கட்டுபவள். பல் வைத்தியர்கள் அனுப்புகிற அச்சுகளை வைத்துப் பொய்ப் பல்லும் உலோகத் தொப்பிப் பல்லும் செய்து கொடுப்பாள். நாங்கள் இருவரும் ஒரு காலத்தில் ஒரே அஞ்சலோட்ட அணியில் ஓடியவர்கள். கோலை அவள்தான் எனக்குத் தருவாள். அவளுடைய பட்டறையில் உருப்பெருக்கிக் கண்ணாடி இருக்கிறது, மயிரளவு நுட்பமாகத் தீட்டும் கல் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாக அவளுடைய கை இருக்கிறது. மனிதரின் நாக்கு ஒரு மணலளவு முரட்டையும் கண்டுபிடித்துவிடும் என்பதால், இருபது வருடமாக உலோகத்தைக் கண்ணாடி மாதிரித் தீட்டிப் பழகிய கை.

துவக்கை மேசையில் வைத்தேன். அவள் கதிரையோடு பின்னால் தள்ளிப் போனாள்.

"எடியே, உனக்கென்ன விசரோ?"

கடிதத்தை நீட்டினேன். கதையைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே மெல்ல மெல்ல மேசைக்குக் கிட்ட வந்தாள். தொண்டைமானாற்றுப் பிள்ளை கையைத் தூக்கிய இடம் வந்தபோது துவக்கை எடுத்துத் தன் காதில் வைத்திருந்தாள்.

"ஓமடி. கடக் எண்டுதுதான்," என்றாள். "கழட்டு."

பக்கத்துத் தகட்டில் மூன்று திருகாணி. கழற்றித் தகட்டைத் தூக்கியவுடன் உள்ளே கறுத்த மண் போல ஏதோ கிடந்தது. பழைய கிறீசும் வெடிமருந்துக் கரியும் சேர்ந்து கட்டியாகிப் போனது. அதைச் சுரண்டிக்கொண்டிருந்தபோதே ஒரு சின்னச் சுருள்வில் கிளம்பிப் பறந்தது. போன இடம் தெரியவில்லை. இருவரும் முழங்காலில் நின்று நிலமெல்லாம் காந்தத்தைப் பிடித்துத் தேடினோம். அந்த நேரம் பார்த்து ரயில் வந்தது. பட்டறை முழுக்க அதிர்ந்தது. தட்டில் அடுக்கியிருந்த பல் வரிசைகள் எல்லாம் ஒன்றாகக் கடகடத்தன. கடைசியில் சுருள்வில், யாரோ ஒருவருடைய கீழ்த்தாடை அச்சின் நடுவில், நாக்கு இருக்கவேண்டிய இடத்தில் படுத்திருந்தது.

மண்ணெண்ணெயில் கழுவி எடுத்ததும் பாகங்கள் தெளிவாகத் தெரிந்தன. விசையின் மூக்கு ஒரு பக்கம். அது தள்ளி எழுப்புகிற சுத்தியலின் அடி மறுபக்கம். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிப் போகவேண்டும். அவள் கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு சுத்தியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இஞ்சை பார். வரம்பு கட்டின மாதிரி நிக்குது."

நானும் பார்த்தேன். சுத்தியலின் அடிப்பக்கத்தில் குறுக்கே ஒரு மேடு. தொழிற்சாலையில் அரம் போட்டவர் பாதியில் கையை எடுத்துவிட்டாரோ என்னவோ, மேடு அப்படியே நின்றுவிட்டது. பதினைந்து வருடமாக விசையின் மூக்கு அதில் ஏறி ஏறிக் குதித்திருக்கிறது.

"அப்ப இதை அந்தச் சில்லிலை பிடிச்சுத் தேய்," என்றேன். மேசையில் அவளுடைய மெருகுச் சில்லு நின்றது.

"சில்லிலை பிடிச்சால் ரெண்டு நொடியிலை மூலை உருண்டிடும். பேந்து கொளுவி நிக்காது, தானாய் வெடிக்கும். பிள்ளையளுக்கு முன்னாலை உது தானாய் வெடிச்சால் உன்னைத்தான் வெளியிலை போடுவினம்."

அவள் லாச்சியைத் திறந்து ஒரு சின்னப் புத்தகம் போன்றதை எடுத்தாள். பல் வைத்தியர் வாயில் வைத்து "கடியுங்கோ" என்று சொல்வாரே, அந்த நீலக் கடதாசி. எந்தப் பல் உயர்ந்து முட்டுகிறதோ அதில் மட்டும் நீலம் ஒட்டும். அதில் ஒரு துண்டைக் கிழித்து விசைக்கும் சுத்தியலுக்கும் நடுவில் வைத்து, பாகங்களைப் பொருத்தி, மெதுவாக இழுத்தாள். கழற்றினாள். மேட்டின் உச்சியில் நீலக் கோடு ஒன்று. இன்னும் இரண்டு இடத்தில் சின்ன நீலப் பொட்டுகள். "இவ்வளவுந்தான் கடிக்கிற இடம். மற்றதைத் தொடாதை."

அப்படித்தான் வேலை நடந்தது. நீலம் ஒட்டுகிற இடத்தை மட்டும் நெருப்புக்குச்சி அளவு கல்லால் பத்துத் தரம் தீட்டுவாள். துடைப்பாள். மறுபடி கடதாசி வைப்பாள், இழுப்பாள், கழற்றுவாள், பார்ப்பாள். பிறகு கல்லை என்னிடம் தருவாள். நான் தீட்டும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். "ஒரே திசையிலை. அந்த மூக்கு ஓடுற பக்கமாய்த் தீட்டு. குறுக்காலை தீட்டினால் உள்ளதுக்கு மேலை கீறு விழும்." வெள்ளி பின்னேரம் தொடங்கியது. சனிக்கிழமை மதியத்துக்குள் நீலக் கோடு மெலிந்து, பொட்டுகளாகி, கடைசியில் அடி முழுக்கப் பரவலாக ஒரு மெல்லிய நீல நிழல் விழுந்தது. அதன் பிறகுதான் தொப்பிப் பல்லுக்குப் பூசுகிற மெருகுப் பசையைத் துணியில் எடுத்து இருவரும் மாறி மாறித் தேய்த்தோம். சுத்தியலின் அடியில் என் கண்ணை நான் பார்த்தேன்.

முன்னும் பின்னும் அளந்து பார்க்கவேண்டும் என்பது என் பிடிவாதம். அளக்கிற கருவிக்கு எங்கே போவது? எங்கள் ஊரில் வெளிநாட்டுப் பயணப் பெட்டி நிறுக்கும் கொளுவித் தராசு இல்லாத வீடு எது? வேலை தொடங்குமுன் அதை விசையில் கொளுவி இழுத்தபோது இலக்கம் ஏறி, ஆறரைக் கிலோவில் நின்று, திடீரென்று சரிந்திருந்தது. இப்போது இழுத்தோம். நாலு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே போய், தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சீராக நின்றது. சுத்தியல் விழுந்தது. இடையில் ஒரு சத்தமும் இல்லை.

"கேக்குதோ?" என்றேன்.

"ஒண்டும் கேக்கேல்லை," என்றாள் அவள்.

இருவரும் சேர்ந்து சின்னப் பிள்ளைகள் போலக் கத்தினோம். பக்கத்து வீட்டு மனுசி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

ஞாயிறு காலை தோழியோடு எங்கள் பாடசாலை மைதானத்துக்குப் போனேன். அதிபரிடமும் பொலிசிலும் முதலே அறிவித்திருந்தேன். காதுகளைப் பஞ்சால் அடைத்துக்கொண்டோம். ஐந்து தோட்டா போட்டேன். முதலாவது வெடித்தது. விசை வெண்ணெயில் கத்தி போவதுபோலப் போனது. இரண்டாவது வெடிக்கவில்லை. மூன்றாவது வெடித்தது. நான்காவது இல்லை. என் கை தானாகக் கீழே வந்தது. ஐந்தாவதை நான் வெடித்துப் பார்க்கவே இல்லை.

வெடிக்காத தோட்டாக்களை எடுத்து அவற்றின் அடியைத் தோழி பார்த்தாள். சுத்தியல் பட்ட அடையாளம் மிகவும் மெல்லியதாக இருந்தது. கூடத் தேய்த்துவிட்டோமோ என்று எனக்கு அழுகை வந்தது. செவ்வாய்க்கு இன்னும் இரண்டு நாள். தலைமை நடுவரின் முகமும் அந்த நேரக் கணிப்பாளர்களின் சிரிப்பும் கண்ணில் வந்தன.

"பொறடி," என்றாள் அவள். "தேய்ச்சதிலை பிழை இல்லை. பூட்டேக்கை நீ என்ன பூசினனி?"

"கிறீஸ். வழுவழுப்பாய் இருக்கட்டும் எண்டு கொஞ்சம் கூடத்தான்..."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பட்டறைக்குத் திரும்பித் தகட்டைத் திறந்தால், நான் பூசிய கிறீசில் சுத்தியல் சேற்றில் கால் வைத்தவன்போல நின்றது. வேகமாக விழ வழியில்லை. எல்லாவற்றையும் கழுவினோம். தையல் மெசினுக்கு விடும் எண்ணெயில், ஊசி முனையால், முட்டுகிற இடத்துக்கு ஒரு சொட்டு. அவ்வளவுதான். அன்று பின்னேரமே திரும்பவும் மைதானத்துக்குப் போனோம். பன்னிரண்டு தோட்டா. பன்னிரண்டும் வெடித்தன. பின்னர் வெறுந்துவக்கின் சுத்தியலைப் பின்னால் இழுத்துக் கொளுவி நிற்கவைத்து, தடித்த ரப்பர் விரிப்பின் மேல் தட்டித் தட்டிப் பார்த்தோம். ஒருமுறையும் தானாக விழவில்லை.

செவ்வாய்க்கிழமை தலைமை நடுவர் எனக்கு முன்னமே மைதானத்தில் நின்றார். "தாங்கோ," என்று கையை நீட்டினார். தோட்டா இல்லாததைத் திறந்து பார்த்துவிட்டு, என்னை மாதிரியே மெதுவாக, மிக மெதுவாக இழுத்தார். காதோடு வைத்து இன்னொரு தரம். மூன்றாம் தரம் இழுத்துவிட்டுத் துவக்கைக் கீழே இறக்கினார்.

"சத்தம் இல்லை," என்றார்.

"இல்லை சேர்."

அவர் துவக்கை என் கையில் திருப்பித் தந்தார். ஆனால் கையை எடுக்கவில்லை.

"ரீச்சர், கடைசி ரெண்டு வருஷமும் தோள் நோவோடை நானும் மெதுவாய்த்தான் இழுத்தனான். அந்த ரெண்டு வருஷத்திலை எத்தினை பிள்ளையளை வெளியிலை அனுப்பியிருப்பன் எண்டு யோசிக்கிறன்."

"அது தெரிஞ்சிருந்தால் நீங்களும் எழுதிக் குடுத்திருப்பியள் சேர்," என்றேன். அவர் தலையை ஆட்டினார். பிறகு ஏணியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து ஓட்டப் பாதையின் ஓரத்தில் நட்டு, ஆடுகிறதா என்று பார்த்துவிட்டுப் போனார்.

விசேட ஓட்டத்தில் முதலில் பையன் தனியாக நேரத்துக்கு ஓடினான். அடுத்தது பெண்பிள்ளைகள் இருவர். "உங்கள் இடங்களுக்கு." கை, முழங்கால், விரல் நுனிகள். "தயார்." இருவரும் எழும்பினார்கள். நான் இழுத்தேன். வெடித்தது. இரண்டு பிள்ளைகளும் ஒரே கணத்தில் புறப்பட்டார்கள். மூவருடைய நேரமும் இறுதிக்குப் போதுமாக இருந்தது.

பின்னேரம் பெண்களின் இறுதிப் போட்டி. பாதைகளைக் குலுக்கியபோது தொண்டைமானாற்றுப் பிள்ளைக்கு மறுபடியும் முதலாம் பாதைதான் விழுந்தது. பாதையைக் கேட்டதும் அவள் ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். வேறு எதுவும் கதைக்க அங்கே இடமில்லை.

மைதானம் முழுக்க நிறைந்திருந்தது. எட்டுப் பேரும் குனிந்தார்கள். காற்று நின்றதுபோல ஒரு அமைதி. "தயார்." எட்டு முதுகுகள் எழும்பின. ஒன்று சற்று ஆடியது; பொறுத்தேன். அதுவும் அடங்கியது. பழைய துவக்கென்றால் அந்த நேரத்தில் நான் விரலைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பேன். இப்போது பிள்ளைகளை மட்டும் பார்த்தேன். எட்டுப் பேரும் கல்லாக நின்ற அந்தக் கணத்திலேயே, நான் நினைத்த அதே கணத்திலேயே, வெடித்தது.

எட்டுப் பேரும் ஒன்றாகப் போனார்கள். ஒருவரும் முந்தவில்லை, ஒருவரும் பிந்தவில்லை. ஒரு கதவைத் திறந்துவிட்டதுபோல எல்லாரும் ஒரே தடவையில் வெளியே பாய்ந்தார்கள். திருப்பி அழைக்க விசிலை வாயில் வைத்துக்கொண்டு எதிரே நின்ற நடுவர் அதைக் கீழே இறக்கினார்.

ஓட்டத்தைத் தொடக்குபவர் முடிவைப் பார்ப்பதில்லை. நூறு மீற்றருக்கு அப்பால் முதுகுகள்தான் தெரியும். யார் முன்னால், யார் பின்னால் என்று அங்கிருந்து சொல்ல ஏலாது. நான் ஏணியில் நின்றபடி புகைக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்தேன். பதின்மூன்று நொடிக்குள் மறுமுனையில் ஒரு கூச்சல் கிளம்பியது. தொண்டைமானாற்றுப் பாடசாலைக் கூடாரத்தில் ஆட்கள் துள்ளினார்கள். யாரோ கொடியை மேலே எறிந்தார்கள். பிறகு ஒலிபெருக்கியில் தலைமை நடுவரின் குரல்: "முதலாம் இடம், முதலாம் பாதை." நான் ஏணியிலிருந்து இறங்காமலே இரண்டு கைகளையும் தூக்கினேன். நடுவர் ஒருவர் அப்படிச் செய்யக்கூடாது. செய்தேன்.

அன்று காலையிலிருந்து மாலை வரை மொத்தம் இருபத்தேழு ஓட்டங்களைத் தொடக்கினேன். முந்திப் புறப்பட்டவர் ஒரே ஒரு பையன். அது முழுக்க அவனுடைய அவசரம். அவனே ஒத்துக்கொண்டு சிரித்துக்கொண்டு வெளியேறினான். மாலையில் அந்த நேரக் கணிப்பாளர்களில் ஒருவர் வந்து, "ரீச்சர், எங்கடை பாடசாலைத் துவக்கும் ஒரு மாதிரி இழுக்குது. ஒருக்கால் பாப்பியளோ?" என்று கேட்டார். எங்கே கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும் என்று கொக்குவில் ஒழுங்கையை அவருக்குச் சொன்னேன்.

தோழியை நல்லூரில் ஐஸ்கிறீம் கடைக்கு வரச் சொல்லியிருந்தேன். அவள் பட்டறை உடுப்போடே வந்துவிட்டாள். தலைமயிரெல்லாம் வெள்ளைத் தூள். என் சிவப்பு மேற்சட்டையில் கரியும் வெடிமருந்து மணமும். கடைக்காரப் பெடியன் எங்களை ஒரு மாதிரிப் பார்த்தான். நடந்த எல்லாவற்றையும் அவளுக்கு முதலிலிருந்து சொன்னேன். இறுதிப் போட்டியை மட்டும் இரண்டு தரம் சொல்ல வைத்தாள்.

"எட்டுப் பேரும் ஒண்டாயோ?"

"எட்டுப் பேரும் ஒண்டாய்."

அவள் கரண்டியை வைத்துவிட்டு, தன் உள்ளங்கையைப் பார்த்துச் சிரித்தாள். இன்னொரு துவக்கு வரப்போகிற விசயத்தை அப்போதுதான் சொன்னேன்.

"நாளைக்கு எனக்கு ரெண்டு மேல்தாடை குடுக்கோணும்," என்றாள். "புதன் வேண்டாம். வியாழன் பின்னேரம் கொண்டு வரச் சொல்லு." பிறகு பெடியனைக் கூப்பிட்டு, எனக்கும் தனக்கும் இன்னொரு ஐஸ்கிறீம், பெரிய கிண்ணத்தில், கொட்டையெல்லாம் போட்டுக் கொண்டுவரச் சொன்னாள்.